பாம்பன் பாலத்தில் இடது கால் சுட்டது ஏன்? வண்டிச் சூடு பற்றி நம் கடற்கரைக்காரர்களின் அனுபவங்கள்

ராமநாதபுரம், 350 சிசி ஏர் கூல்டு வண்டி

எனக்கு வேலை மண்டபத்தில். வாரத்தில் ஆறு நாள் ராமநாதபுரத்திலிருந்து பைக்கில்தான் போய் வருகிறேன். ஒரு வழிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் வரும். உச்சிப்புளி தாண்டினால் ரோடும் நேர், காற்றும் தாராளம். இன்ஜின் சூடு காலில் தெரிவதே இல்லை. மூன்று வருடமாக அதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

இந்த ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்க அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து ராமேசுவரம் கிளம்பினேன். பாம்பன் பாலத்தில் ஏறியதுமே வண்டிகள் நின்றுவிட்டன. காரைப் பாலத்தின் மேலேயே நிறுத்திவிட்டுப் புது ரயில் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பல பேர். இரண்டே கால் கிலோமீட்டர் சொச்சம் உள்ள பாலத்தைக் கடக்க 50 நிமிடம் ஆனது. முதல் கியரில் நாலடி நகர்வது, நிற்பது, மறுபடி நாலடி. கால் மணி நேரத்தில் இடது கெண்டைக்கால் எரிய ஆரம்பித்தது. ஜீன்ஸ் துணியைத் தொட்டால் இஸ்திரி போட்ட சூடு. அம்மா, "நான் இறங்கி நடந்துக்கிறேன்ப்பா, நீ வண்டியைத் தள்ளிக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். சைலன்சர் இருப்பது வலது பக்கம். சுட்டதோ இடது கால். இன்ஜினுக்குள் ஏதோ போய்விட்டது என்று பயந்து மறுநாளே மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை. "எந்தப் பக்கம் பார்த்து நின்னீங்க, காத்து எங்கேயிருந்து அடிச்சது?" என்று கேட்டார்.

ஆடி மாதம், கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று. மண்டபத்திலிருந்து பாம்பன் போகும்போது நம் முகம் கிழக்கே. கச்சான் வலது பின்பக்கத்திலிருந்து வரும். பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் குழாய்), சிலிண்டர், சைலன்சர் எல்லாவற்றின் அனலையும் வாரிக்கொண்டு வந்து இடது காலில் கொட்டியிருக்கிறது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை.

நம் ஊரில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். சூடு எங்கே, எப்போது, எந்தக் காலில் என்று எழுதுங்கள். வண்டிக் கம்பெனிப் பெயர் வேண்டாம். அது வேறு சண்டையாகிவிடும்.

தங்கச்சிமடம்

அண்ணே, நீங்கள் சொன்னது தனுஷ்கோடி ரோட்டில் தினமும் நடக்கும். சுற்றுலா வருகிறவர்களுக்காக அரிச்சல்முனை வரை போய் வருகிறேன். 2017-இல் தார் ரோடு திறந்த பிறகுதான் பைக்கில் அவ்வளவு தூரம் போக முடிந்தது. கச்சான் காலத்தில் போகும்போது காற்று முதுகில் அடிக்கும். வண்டி 40-இல் போகிறது, காற்று 30-இல் பின்னாலிருந்து வருகிறது என்றால் இன்ஜினுக்குக் கிடைப்பது 10 கிலோமீட்டர் வேகக் காற்றுதான். ஓடிக்கொண்டே இருந்தாலும் நின்றுகொண்டிருப்பது மாதிரிதான். திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் அடிக்கும், கால் குளுகுளு என்று இருக்கும், பெட்ரோல் மட்டும் கூடுதலாகக் குடிக்கும்.

ரோட்டில் மணல் ஏறிக் கிடந்தால் இன்னும் மோசம். பாதி கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருட்டினால் ஐந்து நிமிடத்தில் அனல் தொடை வரைக்கும் ஏறிவிடும். அந்த இடத்தில் பின்னால் இருப்பவரை இறக்கிவிட்டு, வண்டியை ஒரே மூச்சில் தாண்டவிட்டு, அப்புறம் ஏற்றிக்கொள்கிறேன்.

கீழக்கரை, மெக்கானிக்

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். பெட்ரோல் எரிந்து வருகிற சக்தியில் சக்கரத்துக்குப் போவது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. மீதி எல்லாம் சூடாகத்தான் வெளியே வரும், கொஞ்சம் சைலன்சர் வழியாக, கொஞ்சம் சிலிண்டர் வழியாக. ஆகவே காலில் சூடு வருவது நோய் கிடையாது. நேற்று வரை வராத சூடு இன்று வருகிறதா, அதுதான் பார்க்க வேண்டியது.

நம் பக்கத்து வண்டிகளில் நான் பார்க்கிற முதல் காரணம் உப்பு. வாலிநோக்கம், ஏர்வாடி பக்கம் கடலோரமாகவே ஓடுகிற வண்டி வந்தால் ஃபின்களுக்கு நடுவே விரலை விட்டுப் பார்ப்பேன். உப்பும் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அடை மாதிரி ஒட்டியிருக்கும். ஃபின் என்பதே காற்று நுழைந்து சூட்டை எடுத்துப் போவதற்கான இடைவெளிதான். அது அடைத்துவிட்டால் சிலிண்டருக்குக் கம்பளி போர்த்தியது மாதிரி. நல்ல தண்ணீரும் சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். ஆனால் ஓடி வந்த சூட்டோடு தண்ணீர் அடிக்கக் கூடாது. கை வைத்தால் தாங்குகிற அளவுக்கு ஆறட்டும். சுட்ட இரும்பில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், விரிசல் கூட விழலாம்.

அடுத்து இன்ஜின் ஆயில். அது உராய்வுக்கு மட்டும் இல்லை, சூட்டை எடுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஒரு லிட்டர் குறைந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து "கால் சுடுது காக்கா" என்பார்கள் (எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்). வண்டியைச் சமதளத்தில் நிமிர்த்தி வைத்து மாதம் இரண்டு தடவை அளவு பாருங்கள், அது போதும். டேப்பெட் (வால்வு இடைவெளி) இறுகியிருந்தாலும் சூடு ஏறும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போனால் பிளக் வெள்ளையாக இருக்கும், அதுவும் ஒரு அடையாளம்.

யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று பிரேக். பின் சக்கரம் லேசாகப் பிடித்துக்கொண்டே சுற்றினால் இன்ஜின் அதையும் சேர்த்து இழுக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுப் பாருங்கள். டயரில் காற்று குறைந்திருந்தாலும் இதே கதைதான்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பல மாடல்களில் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். அது சில நூறு டிகிரி சூடானால்தான் வேலையே செய்யும். அதனால் பழைய வண்டியிலிருந்து புதுசுக்கு மாறியவர்களுக்கு வலது பாதத்துக்குப் பக்கத்தில் சூடு கூடுதலாகத் தெரியும். அதை அறுத்து எடுத்துவிடச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். நான் செய்வதில்லை. அந்தப் புகையைச் சுவாசிக்கப் போவது நம் பிள்ளைகள்தான்.

சாயல்குடி, லிக்விட் கூல்டு வண்டி

என் அனுபவம் தண்ணீரால் வந்தது. ரேடியேட்டர் உள்ள வண்டி, இன்ஜினைக் கூலன்ட் என்கிற திரவம் குளிர்விக்கும். ஃபேன் ஓடினால் சூடான காற்று நேராக முட்டிக்கு அடிக்கும், அது பழகிவிட்டது. சித்திரை மாதம் தூத்துக்குடியிலிருந்து வரும்போது வேம்பார் தாண்டியதும் ஃபேன் நிற்கவே இல்லை. சிக்னலும் இல்லை, நெரிசலும் இல்லை, 60-இல் போய்க்கொண்டிருக்கிறேன், இரண்டு முட்டியும் வேகிறது. கொஞ்ச தூரத்தில் சூட்டு விளக்கு எரிந்துவிட்டது. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் கூலன்ட் குறைந்திருக்கிறது என்று நானே வீட்டுப் போர் தண்ணீரை ஊற்றியிருந்தேன். நம் ஊர் நிலத்தடி நீர் எப்படி என்று நம் எல்லோருக்கும் தெரியும். குடிக்கவே முடியாமல்தான் பெண்கள் குடத்தைத் தள்ளுவண்டியில் வைத்து ஊற்றுக்கும் காவிரிக் குழாய்க்கும் அலைகிறார்கள். சோறு பொங்கினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அந்தத் தண்ணீரை இன்ஜினுக்குக் கொடுத்திருக்கிறேன். ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே உப்புப் படிந்து அலுமினியம் அரித்துப்போயிருந்தது. புது ரேடியேட்டரே போட வேண்டியதாகிவிட்டது.

கூலன்ட் கிடைக்காத இடத்தில் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம், ஊர் போய்ச் சேர்ந்ததும் மாற்றிவிடலாம். முக்கியமாக, சுடச்சுட மூடியைத் திறந்துவிடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருப்பதால் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும், திறந்த நொடியில் பீறிட்டு முகத்தில் அடிக்கும். அன்று மரத்தடியில் டீ குடிக்க வந்த லாரி டிரைவர் ஒருவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன்.

தொண்டி

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் வாப்பாவுக்குச் சர்க்கரை நோய், பதினைந்து வருடம் ஆகிறது. மீன் வியாபாரம். விடியற்காலை ஏலம் முடித்து, ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு திருவாடானை பக்கம் ஊர் ஊராகப் போவார். கைலி, ரப்பர் செருப்பு, அதே பழைய 100 சிசி வண்டி. பெட்டி அகலமாக இருப்பதால் காலை உள்ளே ஒடுக்கிக்கொண்டுதான் உட்கார முடியும். வலது கணுக்காலின் உட்பக்கம் சைலன்சரை ஒட்டியே இருந்திருக்கிறது.

ஒரு நாள் மதியம் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது உம்மாதான் பார்த்தார். ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கொப்புளம், உடைந்து தோல் தொங்கிக்கொண்டிருந்தது. "எப்பங்க சுட்டுச்சு?" என்று உம்மா கேட்டதற்கு வாப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோயிருந்தது என்று அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது.

அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆனது. ஒரு கட்டத்தில் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது உம்மா சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார். அல்லாஹ் காப்பாற்றினான். இப்போது கணுக்காலை மூடுகிற ஷூவும், கைலிக்கு உள்ளே கெட்டியான காட்டன் பேண்ட்டும் போடாமல் வண்டியை எடுக்க நான் விடுவதில்லை. சைலன்சருக்கு மேல் தகரக் கவசம் அடித்துக் கொடுத்திருக்கிறேன். ராத்திரி படுக்கும் முன் அவர் காலை நானே டார்ச் அடித்துப் பார்க்கிறேன், உள்ளங்கால் உட்பட.

நம் சனங்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. சூடு தெரிகிறவனுக்கு எரிச்சலோடு போய்விடும். தெரியாதவரை யார் பார்ப்பது? உங்கள் வீட்டில் வண்டி ஓட்டுகிற பெரியவர்களின் காலை இன்றைக்கே ஒரு தடவை பாருங்கள்.

உச்சிப்புளி

தொண்டித் தம்பி எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. வாப்பா நல்லா இருக்கட்டும்.

எங்களுக்கு நடந்தது அரியமான் கடற்கரையில். என் மகளுக்கு அப்போது ஆறு வயது, முட்டிக்கு மேல் நிற்கிற கவுன். கடலைப் பார்த்த சந்தோஷத்தில் வண்டி நின்றதும் நிற்காததுமாக வலது பக்கம் சறுக்கி இறங்கிவிட்டாள். கெண்டைக்கால் சைலன்சரில் பட்டது. ஒரு நொடிதான். அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் பற்பசை, ஒருவர் கடல் தண்ணீர். நானும் பதறிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு கடலை நோக்கித்தான் ஓடினேன். இளநீர் விற்ற அம்மாதான், "உப்புத் தண்ணி வேணாம் தாயி, மணலும் ஒட்டும்" என்று குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார். தழும்பு மங்கலாகத்தான் இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் ஏறுவதும் இறங்குவதும் இடது பக்கம்தான், வண்டி ஆஃப் ஆகிவிட்டாலும். ஆஃப் ஆன பிறகும் அந்தக் குழாய் வெகு நேரம் சுடும்.

ராமநாதபுரம், செவிலியர்

இளநீர் அம்மா செய்ததுதான் சரி. நல்ல தண்ணீரை 20 நிமிடம் தொடர்ந்து ஊற்ற வேண்டும். உடனே முடியாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் ஊற்றினால் பலன் உண்டு. ஐஸ், பற்பசை, இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. நைலான் டிராக் பேண்ட் உருகித் தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல், சுற்றி வெட்டிவிட்டு, சுத்தமான துணியால் தளர்வாக மூடிக் கூட்டி வாருங்கள். 60 டிகிரி சூடு ஐந்து நொடியில் ஆழமாகச் சுட்டுவிடும். சைலன்சர் அதைவிடப் பல மடங்கு. 44 டிகிரி கூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டுக்கொண்டிருந்தால் புண்ணாக்கும். தொண்டிப் பெரியவரைப் போன்றவர்களுக்கு ஆபத்து அங்கேதான்.

தேவிபட்டினம்

பெண்ட் பைப்பில் சுற்றுகிற அந்த வெள்ளை டேப் போடலாமா காக்கா? மதுரையில் ஒரு நண்பன் போட்டிருக்கிறான், சூடு குறைந்தது என்கிறான்.

கீழக்கரை, மெக்கானிக்

மதுரையில் சரி தம்பி. இங்கே அந்த டேப் ஈரத்தையும் உப்பையும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு வாடைக் காலம் தாங்கினால் பெரிது. பிரித்துப் பார்த்தால் குழாய் துருப்பிடித்துக் கையோடு வரும். ஒரு விரல் இடைவெளி விட்டுத் தகரக் கவசம் வையுங்கள். நடுவில் காற்று ஓட வேண்டும், அதுதான் சூட்டைத் தடுக்கும்.

ராமநாதபுரம், 350 சிசி ஏர் கூல்டு வண்டி

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஃபின்களைக் கழுவினேன். காக்கா சொன்ன அடை நிஜமாகவே இருந்தது, ஒரு கை நிறைய மண். பின் சக்கரமும் லேசாகப் பிடித்திருந்தது, சரி செய்துவிட்டேன். பாலத்தில் வண்டிகள் நின்றால் இனி நான் இன்ஜினை அணைத்துவிடுவேன், அம்மாவும் இறங்க வேண்டியதில்லை. நாலு பெண்கள் கேலி செய்தாலும் பரவாயில்லை என்று அம்மாவுக்கு நீள சாக்ஸும் வாங்கிவிட்டேன். சேலைக்கு உள்ளே கால் மறைந்திருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், உட்கார்ந்ததும் அது முட்டி வரை ஏறிக்கொள்வதைப் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் சர்க்கரை உள்ள இரண்டு பெரியவர்கள் வண்டி ஓட்டுகிறார்கள். தொண்டித் தம்பி எழுதியதை நேற்று மாலை அவர்களிடம் வாசித்துக் காட்டினேன். ஒருவர் உடனே காலைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

ஐப்பசி பிறந்து வாடை தொடங்கிவிட்டது. கிழக்கே போகும்போது காற்று இனி இடது முன்பக்கத்திலிருந்து வரும், சூடு வலது காலுக்குத்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை ராமேசுவரம் போகிறேன், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.