புதுப்பிப்பு: மெலனோமா பயாப்ஸி அறிக்கையில் எதைப் பார்ப்பது?

மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்காக மச்சத்தில் என்னென்ன மாற்றங்களைக் கவனிக்க வேண்டும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். "அறிக்கை வந்துவிட்டது, அடுத்து?" என்று பலர் கேட்டதால் இது.

முதலில் தேட வேண்டியது ப்ரெஸ்லோ தடிமன். கட்டி தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்ற கணக்கு அது. மச்சத்தின் அகலம் அல்ல. 1 மி.மீ. வரை என்றால் சுற்றிலும் 1 செ.மீ. நல்ல தோலோடு வெட்டுவார்கள். 2 மி.மீ.க்கு மேல் போனால் 2 செ.மீ. தடிமன் 0.8 மி.மீ.யைத் தாண்டினாலோ, மேலே புண்ணாகியிருந்தாலோ, கட்டியிலிருந்து நிணநீர் முதலில் வடிந்து சேரும் நிணநீர்க் கணுவைச் சோதிக்கும் பேச்சு வரும்.

சொதப்புவது பெரும்பாலும் பயாப்ஸிக்குத் திசு எடுக்கும்போதே. மேலாகச் சீவினால் அடிப்பகுதி உள்ளே தங்கிவிடும், ஆழத்தைச் சரியாக அளக்க முடியாது. முடிந்தவரை மச்சம் முழுவதையும் 1 முதல் 3 மி.மீ. விளிம்போடு எடுக்க வேண்டும். லேசரில் சுட்டுவிட்டால் சோதிக்கத் திசுவே மிஞ்சாது (அழகுக்காகச் சுடச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை).

கருநிறத் தோலில் உள்ளங்காலையும் நகத்தையும் பாருங்கள். நகத்திலுள்ள கறுப்புக் கோடு அகலமாகி, பக்கத்துத் தோலுக்கும் பரவினால் உடனே காட்டுங்கள். அடிபட்ட ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர முன்னே நகர்ந்துவிடும். இந்தக் கோடு நகராது.