புதுப்பிப்பு: 1 டெராபைட் வன்வட்டு 931 ஜிபி ஆன கணக்கு

புதிய 1 டெராபைட் வன்வட்டை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவது ஏன் என முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது, ஒரு பைட்கூடக் குறையவில்லை.

தயாரிப்பாளர் கணக்கில் டெராபைட் என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸோ 1024 × 1024 × 1024, அதாவது 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபியாக எடுத்துக்கொள்கிறது. வகுத்துப் பாருங்கள், 931.32 வரும். (மேக் கணினிகள் 2009 முதல் பத்தின் அடுக்கில் எண்ணுவதால் அங்கே இந்த வேறுபாடு தெரியாது.)

1024 வரிசைக்கென்றே கிபிபைட், மெபிபைட் என்ற தனிப் பெயர்கள் 1998-இலேயே ஏற்கப்பட்டன. அவை திரையில் வந்திருந்தால் இத்தனை பேர் கலங்கியிருக்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

அளவு கூடக்கூட இடைவெளியும் விரியும்: கிலோபைட்டில் 2.4 விழுக்காடு, டெராபைட்டில் ஏறத்தாழ 10. எனவே 4 டெராபைட் வாங்குவோர் சுமார் 3.64-ஐ எதிர்பார்க்கலாம்.