புது மின் இணைப்பு: பணம் கட்டியாச்சு, "டிரான்ஸ்பார்மர் ஃபுல்" என்கிறார்கள். எவ்வளவு நாள் காத்திருக்கணும்?

மேலத்தெரு (கேள்வி):
தமிழ்நாட்டில் ஒரு நகராட்சி எல்லைக்குள் கட்டடம். கீழே மருந்துக்கடை, மேலே வீடு. இரண்டுக்கும் தனித்தனியாக ஆன்லைனில் விண்ணப்பித்திருக்கிறேன். வீட்டுக்கு 9 கிலோவாட், கடைக்கு 5 கிலோவாட், இரண்டுமே மும்முனை. கட்டணம் கட்டிய ரசீது, வயர்மேன் கொடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கிறது. பிரிவு அலுவலகத்தில் கேட்டால் "டிரான்ஸ்பார்மர் ஃபுல், எஸ்டிமேட் போயிருக்கு, மீட்டரும் வரணும்" என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். கட்டட வேலைக்கு வாங்கிய தற்காலிக இணைப்பில்தான் இப்போது ஓடுகிறது, பில் எகிறுகிறது. தெரு முனையில் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். போஸ்ட் வாசலிலிருந்து 12 மீட்டர் இருக்கலாம். 7 நாளில் இணைப்பு கொடுத்தே ஆகணும் என்று சட்டம் இருக்கிறதாமே, உண்மையா?

பழைய ஒப்பந்தக்காரர்:
பாதி உண்மை. மின் நுகர்வோர் உரிமை விதிகள் என்று மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்தது. பெருநகரத்துக்கு 7 நாள், மற்ற நகராட்சிப் பகுதிக்கு 15 நாள், கிராமத்துக்கு 30 நாள் என்று அதில் இருந்தது. 2024 பிப்ரவரி திருத்தத்தில் அது 3, 7, 15 என்று குறைந்தது, மலைப்பகுதிக் கிராமங்களுக்கு மட்டும் 30 நாள். உங்களுக்குச் சொன்ன 7 இதுதான்.

ஆனால் இரண்டு கொக்கி உண்டு. முதலாவது, நாள் கணக்கு விண்ணப்பம் எல்லா வகையிலும் முழுமையான தேதியிலிருந்துதான் ஓடும். இரண்டாவது, இருக்கிற லைனிலிருந்து அப்படியே ஒயர் இழுத்துக் கொடுக்க முடிந்தால்தான் 7 நாள். புதுப் போஸ்ட், லைன் நீட்டிப்பு, டிரான்ஸ்பார்மர் வேலை என்று வந்துவிட்டால் மாநில ஒழுங்குமுறை ஆணையம் வைத்திருக்கும் காலக்கெடுவுக்குப் போய்விடும். தமிழ்நாட்டில் 2004-ம் ஆண்டு செயல்திறன் தர விதிமுறையில், டிரான்ஸ்பார்மர் தேவைப்படாத நீட்டிப்பு வேலைக்கு 60 நாள், டிரான்ஸ்பார்மரும் சேர்ந்தால் 90 நாள் என்று வைத்தார்கள். பிறகு திருத்தங்கள் வந்திருக்கின்றன. மனுவில் எண்ணைப் போடுமுன் ஆணையத்தின் தளத்தில் கடைசித் திருத்தத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஆகவே "எத்தனை நாள்" என்று கேட்காதீர்கள். "என் விண்ணப்பம் எந்த வகையில் பதிவாகியிருக்கு" என்று கேளுங்கள். டிரான்ஸ்பார்மர் ஃபுல், எஸ்டிமேட் (வேலைச் செலவு மதிப்பீடு), மீட்டர் மூன்றும் மூன்று தனித்தனி வரிசை. மூன்றையும் சேர்த்துச் சொன்னால் எதில் மாட்டியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் சேர்த்துத்தான்.

லோடு கணக்கு:
"ஃபுல்" என்பதை ஆம்பியரில் கேளுங்கள். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் எல்.டி. (தாழ்வழுத்த) பக்கம் 433 வோல்ட். முழு லோடு கரண்ட் ஒரு ஃபேஸுக்கு (மும்முனையில் ஒரு முனைக்கு) சுமார் 133 ஆம்பியர். 63 கே.வி.ஏ. என்றால் 84, 250 என்றால் 333. இரவு 7 மணிக்கு மேல், ஏ.சி. ஓடும் நேரத்தில் டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்வி கரண்டை அளக்கும் கருவி) போட்டு மூன்று ஃபேஸிலும் எடுத்த அளவுதான் பேச்சு. பகல் 11 மணி ரீடிங் எதற்கும் உதவாது.

உங்கள் பக்கம்: 9 + 5 = 14 கிலோவாட். எல்லாமே ஒரே நேரத்தில் ஓடினாலும் ஃபேஸுக்கு 23 ஆம்பியர். உண்மையில் கீசரும் இரண்டு ஏ.சி.யும் மோட்டாரும் ஒன்றாக ஓடாது. 10 முதல் 13-க்குள் நிற்கும். அந்த டிரான்ஸ்பார்மரில் 13 ஆம்பியர் இடம் இருக்கிறதா என்பதுதான் முழுக் கேள்வியும்.

9 கிலோவாட் எப்படி வந்தது என்று சொல்லுங்கள். சிலர் ஒவ்வொரு பிளக் பாயின்டையும் கூட்டி ஏற்றிவிடுகிறார்கள்.

மேலத்தெரு:
1.5 டன் ஏ.சி. 2 (3200 வாட்), கீசர் 2000, 1 ஹெச்.பி. மோட்டார் 746, மிக்ஸி 750, வாஷிங் மெஷின் 500, ஃபேன் 6 (450), கிரைண்டர், ஃப்ரிட்ஜ் தலா 200, லைட் 150, டி.வி. 100. மொத்தம் 8296. கடையில் ஒரு ஏ.சி., மருந்து ஃப்ரிட்ஜ் இரண்டு, லைட், கம்ப்யூட்டர், பிறகு சேர்ப்பதற்குக் கொஞ்சம் இடம்.

கரூர் வாசி:
அண்ணா, நேர் வழி ஒன்று இருக்கு. வீட்டுக்கு 4 கிலோவாட் ஒருமுனையாக மாற்றிக் கேளுங்க. போஸ்ட் 12 மீட்டர்தான், ஒயர் இழுத்தா முடிஞ்சது. ஒருமுனை மீட்டரும் சீக்கிரம் கிடைக்கும். ஏ.சி. எல்லாம் அப்புறம் லோடு கூட்டிக்கலாம்.

பழைய ஒப்பந்தக்காரர்:
@கரூர் வாசி இதை எல்லாரும் சொல்வார்கள். செய்யுமுன் யோசிக்க வேண்டியது இருக்கிறது. 4 கிலோவாட் எழுதிவிட்டு 8 கிலோவாட் சாமான் மாட்டினால் ஒரே ஃபேஸில் 30 ஆம்பியருக்கு மேல் போகும். மீட்டர் டெர்மினல் கருகும், சர்வீஸ் ஒயர் ஜம்பர் எரியும், ஆய்வில் கூடுதல் பளு என்று கணக்குப் போடுவார்கள். உண்மையிலேயே இரண்டாவது ஏ.சி.யும் கீசரும் இல்லாமல் குடியேறுவதாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். அப்படியானால் உள் வயரிங்கை மும்முனையாகவே விட்டுவிட்டு, டி.பி. பாக்ஸில் (வீட்டு மின் பங்கீட்டுப் பெட்டி) மூன்று ஃபேஸ் பஸ்பாரையும் (இணைப்புப் பட்டை) தற்காலிகமாக லிங்க் செய்துகொள்ளலாம். ஆனால் மெயினில் 32 ஆம்பியர் டபுள் போல் பிரேக்கர் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது) இருக்கணும், நியூட்ரல் ஒயர் மொத்தக் கரண்டையும் தாங்கும் தடிமனில் இருக்கணும். மும்முனைக்கு இழுத்த நியூட்ரல் பல வீடுகளில் மெலிசு. லிங்க்கைக் கழற்றாமல் பிறகு மும்முனையைக் கொடுத்தால் ஃபேஸும் ஃபேஸும் மோதி வெடிக்கும். வேலையை லைசென்ஸ் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று: லோடை மாற்றினால் விண்ணப்பம் திருத்தப்படும், கட்டணம் மறுபடி கணக்கிடப்படும், நாள் கணக்கும் புதிதாகத் தொடங்கும். எஸ்டிமேட் ஏற்கெனவே அனுமதி ஆகியிருந்தால் இந்த மாற்றம் நஷ்டம். முதலில் எஸ்டிமேட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

மீட்டர் டெஸ்டிங்:
மீட்டர் விஷயம் தனி. 2020 விதியிலேயே மீட்டரை நுகர்வோர் தானே வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003, 55-வது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் கடையில் கண்ணில் பட்டதை வாங்கினால் செல்லாது. மின்வாரியம் ஏற்றுக்கொண்ட தயாரிப்பும் மாடலுமாக இருக்கணும். பில்லும் தயாரிப்பாளர் டெஸ்ட் சான்றிதழும் வேண்டும். அவர்கள் லேபில் டெஸ்ட் ஆகி சீல் போட்ட பிறகே பொருத்துவார்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சப்-மீட்டரை வாங்கிவிட்டு வருபவர்கள் நிறைய. மீட்டர் காப்புத்தொகையை ஏற்கெனவே கட்டியிருந்தால் அதைத் திரும்பக் கேட்கும் கடிதத்தையும் சேர்த்தே கொடுங்கள்.

டிரான்ஸ்பார்மர் பிரச்சினை தீராமல் மீட்டர் வாங்காதீர்கள். வீட்டில் கிடந்து உத்தரவாதக் காலம்தான் ஓடும்.

பழைய ஒப்பந்தக்காரர்:
"முழுமையான விண்ணப்பம்" பற்றியும் பார்த்துவிடுங்கள். வழக்கமாக மாட்டும் இடங்கள்: பத்திரத்தில் ஒரு பெயர், சொத்துவரி ரசீதில் வேறு பெயர், கூட்டுப் பட்டாவில் மற்றவர் சம்மதக் கடிதம் இல்லாமை, அதே கதவு எண்ணில் பழைய இணைப்பின் நிலுவை. வாடகைக் கடையாக இருந்து உரிமையாளர் சம்மதம் தரவில்லை என்றால் குடியிருப்புச் சான்றும் ஈட்டுறுதிப் பத்திரமும் (நஷ்டம் வந்தால் ஈடுசெய்வேன் என்ற உறுதி) கொடுத்து, இரண்டு மடங்கு காப்பு வைப்புத்தொகை கட்டி வாங்க வழி உண்டு.

கட்டட முடிவுச் சான்று பற்றி யாராவது கேட்டால்: 14 மீட்டர் உயரம், 8 வீடு, 750 சதுர மீட்டருக்குள் உள்ள குடியிருப்புக்கு 2024-ல் விலக்கு வந்தது. உங்களுடையது கடையும் வீடும் கலந்தது. ஆகவே நகராட்சி அனுமதி வரைபடத்தில் கீழ்த்தளம் கடை என்றே இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் வாகன நிறுத்தம் என்று இருந்து அங்கே கடை இருந்தால், வணிக இணைப்பு அங்கேயே நிற்கும், டிரான்ஸ்பார்மர் எத்தனை காலியாக இருந்தாலும்.

வயர்மேன்74:
சைட் பார்க்க வரும்போது திருப்பி அனுப்பும் காரணங்களும் இருக்கு சார். மும்முனைக்கு எர்த் இரண்டு வேணும். பைப் எர்த்னா 40 எம்.எம். ஜி.ஐ. பைப் 2.5 மீட்டர், சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. (கரண்ட் கசிஞ்சா துண்டிக்கிற கருவி) மாட்டியிருக்கணும். மீட்டர் போர்டு வாசல் பக்கம், கண் மட்டத்தில், மழை படாம. மாடிப்படிக்கு அடியில் பூட்டிவைக்கிற இடத்தில் போர்டு அடிச்சா ரீடிங் எடுக்க முடியாதுன்னு மறுப்பாங்க. கடைக்கும் வீட்டுக்கும் தனித் தனி மெயின், உள்ளே ஒயர் எங்கேயும் கலக்கக் கூடாது. பொது மோட்டார் எந்த இணைப்பில் வருதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிருங்க. இதில்தான் பலரும் சொதப்புறாங்க.

காவிரிக்கரை:
இடையில் ஒரு சந்தேகம். தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கும் இதே 7 நாள், 15 நாள் கணக்கு வருமா?

பழைய ஒப்பந்தக்காரர்:
வராது ஐயா. இலவச விவசாய மின்சாரம் தனி வரிசை. அரசு ஒதுக்கும் எண்ணிக்கைப்படி, பதிவு மூப்பில் நகரும். 2021 செப்டம்பரில் 1 லட்சம் இணைப்பு என்று அறிவித்ததும், அடுத்த ஆண்டு மேலும் 50,000 சேர்த்ததும் அந்த வரிசையைக் குறைக்கத்தான். காத்திருக்க முடியாதவர்களுக்கு சுயநிதி, தட்கல் என்ற திட்டங்கள் வந்தன. தட்கலில் 5 ஹெச்.பி.க்கு 2.5 லட்சம், 15 ஹெச்.பி.க்கு 4 லட்சம் என்று வைத்தார்கள். அது திறந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் போடணும். தனி இழை தொடங்குங்கள், இங்கே கலந்துவிடும்.

மேலத்தெரு:
உதவிப் பொறியாளரைப் பார்த்தேன், நன்றாகவே பேசினார். இரவு ரீடிங் காட்டினார்: ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸில் முறையே 128, 96, 84 ஆம்பியர். டிரான்ஸ்பார்மரை 250-க்கு மாற்றும் எஸ்டிமேட் கோட்ட அலுவலகத்தில் இருக்கிறதாம். இன்னும் அனுமதி ஆகவில்லை.

லோடு கணக்கு:
இந்த மூன்று எண்ணையும் பாருங்கள். கூட்டினால் 308, சராசரி 103. அதாவது டிரான்ஸ்பார்மர் 77 சதவீதத்தில்தான் இருக்கிறது. ஃபுல்லாக இருப்பது ஆர் ஃபேஸ் மட்டும். தெருவில் புது ஒருமுனை இணைப்பு வரும்போதெல்லாம் கைக்கு எட்டின ஃபேஸில் கட்டிவிட்டால் இப்படித்தான் ஆகும். நியூட்ரலிலும் வீணாகக் கரண்ட் ஓடும், ஆர்-ல் இருக்கும் வீடுகளுக்கு இரவில் வோல்டேஜ் குறையும்.

ஆர்-ல் இருந்து சில ஒருமுனை சர்வீஸ்களை பி-க்கு மாற்றினால் மூன்றும் 103 அருகே வரும். உங்கள் 13-ஐச் சேர்த்தால் 116, அதாவது 87 சதவீதம். இறுக்கம்தான், ஆனால் டிரான்ஸ்பார்மர் வரும்வரை தாங்கும். இதற்கு எஸ்டிமேட் அனுமதியோ ஸ்டோர்ஸ் பொருளோ வேண்டாம். லைன்மேன் இருவர், அரை நாள் மின்தடை, அவ்வளவே. மாற்றும்போது மும்முனை இணைப்புகளைத் தொடக் கூடாது. ஃபேஸ் வரிசை மாறினால் மோட்டார் திசை திரும்பிவிடும்.

250-க்கு மாற்றுவதையும் விட்டுவிடச் சொல்லாதீர்கள். அடுத்த கோடையில் அந்தத் தெருவுக்கு அது தேவைப்படும்.

மேலத்தெரு:
இதை வாயால் சொன்னால் எடுபடுமா? எழுதிக் கொடுக்கணுமா?

பழைய ஒப்பந்தக்காரர்:
முதலில் வாயால், மரியாதையாக. அவர்களுக்குத் தெரியாத விஷயமில்லை, ஆள் பற்றாக்குறையில் தள்ளிப்போவது. அதோடு ஒரு மனு: விண்ணப்ப எண்கள், பணம் கட்டிய தேதி, ஃபேஸ் வாரியான ரீடிங், "லோடு சமன் செய்து இணைப்பு தரவும், முடியாவிட்டால் காரணமும் உத்தேசத் தேதியும் எழுத்தில் தரவும்" என்று இரண்டே கோரிக்கை. நகல் உதவி செயற்பொறியாளருக்கும் செயற்பொறியாளருக்கும். பெற்றுக்கொண்ட முத்திரை முக்கியம். மின்னகம் (மின்வாரியப் புகார் மையம்) 94987 94987-லும் பதிந்து புகார் எண்ணை மனு நகலில் குறித்துவையுங்கள்.

பதில் இல்லையென்றால் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு, கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வரணும். எஸ்டிமேட் அனுப்பிய தேதி, இப்போது இருக்கும் மேசை, உங்களுக்குப் பிறகு பதிவாகி அதே டிரான்ஸ்பார்மரில் கொடுத்த இணைப்புகளின் எண்ணிக்கை, இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் வேலை செய்யும்.

அதற்கும் மேல் வட்ட அளவில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், பிறகு சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். வக்கீல் வேண்டாம். தாமதத்துக்கு இழப்பீடு நாளுக்கு 100 ரூபாய், உச்சம் 1000 என்றுதான் 2004 விதியில் வைத்தார்கள், ஒரு மாதத் தற்காலிக பில்லுக்குக்கூட வராது. மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவில் நாளுக்கு 1000 வரை அபராதம் என்று இருப்பது ஆணையம் விதிப்பது, உங்கள் கைக்கு வருவதல்ல. மன்றத்துக்குப் போவதன் பயன், தேதி போட்ட உத்தரவு ஒன்று கிடைப்பதுதான்.

வயர்மேன்74:
ஒண்ணு விட்டுப்போச்சு சார். தற்காலிக இணைப்பில் கடையைத் திறந்து வியாபாரம் ஆரம்பிச்சுடாதீங்க. வாங்கின நோக்கம் வேற, மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் நோட்டீஸ் வரும். நிரந்தர இணைப்பு வந்த அன்னைக்கே தற்காலிக மீட்டரின் கடைசி ரீடிங்கைப் போட்டோ எடுத்துட்டு, துண்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, வைப்புத்தொகையைத் திரும்பக் கேளுங்க. எழுதிக் கொடுக்கலைன்னா குறைந்தபட்சக் கட்டணம் ஏறிக்கிட்டே இருக்கும்.