பாலிசி பிரீஃபுக்குத் தமிழ்: வியாழனுக்குள் வேண்டும்

செ., தூத்துக்குடி:

நண்பர்களே, அவசரம். கடல் உயிரியலில் இப்போதுதான் முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்துகிறோம். ஆய்வில் கண்டதைத் துறைச் செயலர் வரை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் பாடம். கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. செயலருக்கு எழுதும் இரண்டு பக்கத் தாளுக்கு, அதாவது பாலிசி பிரீஃபுக்கு, 'கொள்கைச் சுருக்கம்' என்று போட்டிருந்தேன். போன முறை, பாக் விரிகுடாக் கடற்புல் பற்றி எழுதச் சொன்னால், கடற்புல் மேயும் கடற்பசுவுக்காக 2022இல் வந்த காப்பக அறிவிப்பை ஒரு பெண் அழகாகச் சுருக்கிக் கொடுத்துவிட்டார். 448 சதுர கிலோமீட்டர், தஞ்சாவூர், புதுக்கோட்டை எல்லாம் சரியாக இருந்தது. அரசு என்ன செய்யவேண்டும் என்று மட்டும் ஒரு வரி இல்லை. வேறு நல்ல சொல் சொல்லுங்கள்.

ந., மதுரை:

அவர் மேல் தப்பில்லை. இரண்டு சொல் சேரும் தொகையில் வேற்றுமை உருபு மறைந்து நிற்பதால் வந்த வினை. நீங்கள் நினைத்தது கொள்கைக்குச் சுருக்கம், நான்காம் வேற்றுமை. அவர் படித்தது கொள்கையினது சுருக்கம், ஆறாவது. 'கொள்கைக் குறிப்பு' என்றால் என்ன?

இரா., சென்னை:

அது மட்டும் வேண்டாம். ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையோடு ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைப்பது 'கொள்கை விளக்கக் குறிப்பு'. அது அரசு சொல்வது. இது அரசுக்குச் சொல்வது. நான் வேலையில் இருந்தபோது நாற்பது பக்க ஆய்வறிக்கை வரும். அதிகாரி மேலே சின்னச் சீட்டு ஒட்டி, 'என்ன கேட்கிறார்கள்?' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். 'பரிந்துரைக் குறிப்பு' என்று போடுங்கள். கோப்பில் பார்த்த உடனே புரியும்.

ந.:

பரிந்துரை என்பது பரிந்து உரைப்பது. தாய் பிள்ளைக்குப் பரிந்து பேசுவாள். ஆய்வாளர் யாருக்குப் பரிவது? 2017இல் மீன்பிடித் தடைக்காலம் 45 நாளிலிருந்து 61 நாளானது. எத்தனை நாள் நிறுத்தினால் மீனுக்கு என்ன ஆகும் என்று அறிவியல் சொல்லட்டும். அந்த 61 நாளும் விசைப்படகுக்காரர் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பது அரசின் வேலை. வள்ளுவர் சொல்வன்மையில் 'மாசற்ற சிலசொல்லல்' என்கிறார். 'சிலசொல்' என்றே வைக்கலாமே?

க., யாழ்ப்பாணம்:

'சிலசொல்' என்று மேலே எழுதி நீட்டினால் செயலர் கவிதை என்று நினைப்பார். கல்வெட்டிலேயே 'விண்ணப்பம் செய்ய' என்று வருகிறதே, அது போதாதா? இன்னொன்று: கடற்பசுவை எங்கள் பக்கம் ஆவுளியா என்றுதான் சொல்வோம். கையேட்டில் அதையும் போடுங்கோ. கரையில் போய்க் கடற்பசு என்றால் படித்தவன் வந்திருக்கிறான் என்று ஒதுங்கிவிடுவார்கள்.

ந.:

விண்ணப்பம் வடசொல், விஞ்ஞாபனத்தின் வழி வந்தது. ஆவுளியா நல்ல சொல். ஆ என்றால் பசு. 'உளி' 'ஒளி'யின் திரிபாக இருந்தால், புல்லுக்குள் ஒளிந்திருக்கும் பசு! இதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

இரா.:

எழுத வேண்டாம். இந்தக் கணக்கில் ஆவணமும் பசு ஆகிவிடும்.

செ.:

ஐயா, நாளை புதன்கிழமை. ந. கேட்ட கேள்வியை அப்படியே முதல் நாள் வகுப்பில் வைக்கிறேன்: ஆய்வாளர் பரிந்து பேசலாமா? மாற்று வழிகளை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்று காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வதா, இல்லை இதைத்தான் செய்யுங்கள் என்பதா? அச்சுக்கு இப்போதைக்குப் 'பரிந்துரைக் குறிப்பு' போகிறது. பக்கத்திலேயே பாலிசி பிரீஃப் என்றும் தமிழ் எழுத்தில் போடுகிறேன், திட்டாதீர்கள்.

க.:

சரி, ஆனால் ஆவுளியா?

செ.:

போட்டாச்சு, 7ஆம் பக்கம்.

ந.:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'பரி' என்ற வேருக்கு வேறு மூன்று பொருள் இருக்கிறது. இரவு எழுதுகிறேன்.