தலைமைப் பயிற்சிக்கு வந்த பணத்தில் பாதி போய்விட்டது, மீதியை என்ன செய்ய?

கணக்குப்பிள்ளை, சான் ஹோசே:

கலிஃபோர்னியாவில், கிழக்கு சான் ஹோசேயில் ஒரு சின்ன லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) தொண்டு அமைப்புக்கு 4 வருடமாகப் பொருளாளர் நான். மகளின் பள்ளியில் அவர்கள் நடத்திய மாலை வகுப்புக்குக் கணக்குப் பார்க்க ஆள் கேட்டார்கள். ஒரு மாதம்தானே என்று போனேன், இன்னும் திரும்பவில்லை. சம்பளத்துக்கு 7 பேர். அதுபோக வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை நோய், தடுப்பூசி என்று பேசிவரும் பெண்கள் 20 பேர். அவர்களை ப்ரொமோத்தோரா என்பார்கள். அமைப்பைத் தொடங்கிய அம்மாதான் 26 வருடமாகத் தலைவராக நடத்துகிறார். அடுத்த கோடையில் ஓய்வு பெறப்போகிறார். அவருக்குப் பிறகு யார் என்று பேச்சு வந்தால் எல்லாரும் தரையைப் பார்க்கிறோம்.

தலைமைப் பயிற்சிக்கென்று ஓர் அறக்கட்டளை 18,000 டாலர் கொடுத்தது. அதில் பாதியைப் போட்டு, ஓர் ஆலோசகரைப் பிடித்து ஹோட்டலில் இரண்டு நாள் நடத்தினோம். முழுக்க ஆங்கிலம். மொழிபெயர்ப்பு கேட்க ஆளுக்கொரு ஹெட்ஃபோன். உங்கள் தலைமைப் பாணி புலியா ஆந்தையா என்று ஒரு தாள். என் பக்கத்தில் இருந்த ப்ரொமோத்தோரா மதியத்துக்கு மேல் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அது பாட்டுக்கு அங்கே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

இதே பெண் தன் தெருவில் தாந்தா நடத்துகிறார். நம்ம சீட்டுதான், ஆனால் ஏலமும் வட்டியும் கிடையாது. 10 பேர், வாரம் 100 டாலர், யாருக்கு எந்த வாரம் என்று முதலிலேயே குலுக்கி எழுதிவிடுவார்கள். ரசீது இல்லை. 'கொன்ஃபியான்ஸா', அதாவது நம்பிக்கை, அவ்வளவுதான். பத்துப் பேர் பணத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு நாங்கள் தலைமை கற்றுக்கொடுக்கிறோமாம்!

கையில் 9,000 இருக்கிறது. யாராவது இதையெல்லாம் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

மிஷன் தெரு:

அக்கா, பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சான் ஹோசேயின் அந்தக் கிழக்குப் பகுதியில் ஒரு பேட்டைக்கு 'சால் சி புவேதெஸ்' என்று பெயர். முடிந்தால் தப்பித்துப் போ என்று அர்த்தம். 1952இல் ஃப்ரெட் ராஸ் என்ற சமூக அமைப்பாளர் அங்கே வந்துதான், பின்னாளில் பண்ணைத் தொழிலாளர் தலைவரான சேசர் சாவேஸைக் கண்டுபிடித்தார். ஹோட்டலும் கிடையாது, மேடையும் கிடையாது. ஒரு வீட்டு முன்னறையில் பத்துப் பேர் உட்கார்ந்து பேசுவது, அதில் ஒருவர் அடுத்த வாரம் தன் வீட்டுக்குக் கூப்பிடுவது, அவ்வளவுதான் முறை. லாஸ் ஏஞ்சலிஸில் 1947இல் நகர மன்றத் தேர்தலில் தோற்ற எட்வர்ட் ராய்பல், அதற்குப் பிறகு இப்படித் தெருத் தெருவாக ஆள் சேர்த்து வாக்காளர்களைப் பதியவைத்த வேலையின் பலத்தில்தான் 1949இல் ஜெயித்தார். உங்கள் தாந்தா அம்மா வீட்டில் ஏற்கெனவே பத்துப் பேர் கூடுகிறார்கள். பணத்தை அங்கே செலவழியுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், சாப்பாடு, அப்புறம் வருகிறவர்களின் நேரத்துக்குக் கூலி.

சிகாகோ_குளிர்:

முன்னறைக் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் மே 15 அன்று வருமான வரித் துறைக்கு 990 படிவத்தை, அதாவது தொண்டு அமைப்பின் வருடக் கணக்கை, முன்னறை அனுப்பாது. 3 வருடம் தொடர்ந்து அனுப்பாமல் விட்டால் வரிவிலக்கு தானாகவே போய்விடும், சாக்குச் சொல்ல முடியாது. பணம் கொடுப்பவர்கள் பேசுவதும் ஆங்கிலத்தில்தான். அம்மாக்களை மட்டும் பார்க்காமல் அவர்கள் பிள்ளைகளையும் பாருங்கள். கூட்டத்தில் மொழிபெயர்த்தே வளர்ந்த 22 வயதுப் பெண்கள் இருப்பார்களே? அன்டோனியா பன்டோஹா என்பவர் 1961இல் நியூயார்க்கில் அஸ்பிரா என்ற அமைப்பை ஆரம்பித்தது போர்ட்டோ ரிக்கோப் பள்ளிப் பிள்ளைகளை நம்பித்தான். அந்தப் பிள்ளைகளே சங்கம் வைத்து, கூட்டம் நடத்திப் பழகினார்கள்.

ஆக்ஸ்நார்ட் ஆள்:

ஸ்பானிஷில் நடத்திவிட்டால் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். இங்கே வயல் வேலைக்கு வரும் மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தார் பலருக்கு வீட்டில் மிஸ்தெக் என்ற பழங்குடி மொழி. ஸ்பானிஷே அவர்களுக்கு இரண்டாவது. கூட்டத்தில் தலையாட்டுவார்கள், புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். நான் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப்பிள்ளை, சான் ஹோசே:

மூன்று பேருக்கும் நன்றி. சனிக்கிழமை ஒரு சோதனை செய்தோம். தாந்தா அம்மாவின் கராஜ். சலவை இயந்திரத்தின் மேல் இனிப்பு ரொட்டித் தட்டு, கீழே நாலு பிள்ளைகள் கிரையானோடு. இந்த வருட பட்ஜெட்டை ஒரே பக்கத்தில் ஸ்பானிஷில் அச்சடித்துக் கொண்டுபோனேன். (மொழிபெயர்த்தது 22 வயதுப் பெண்தான், சிகாகோ சார்.)

குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் என்று வரும் பணத்தை எப்படி விளக்குவது என்று இரவெல்லாம் யோசித்தேன். என் மனதில் வந்தது அஞ்சறைப்பெட்டி. அது அவர்களுக்கு எங்கே தெரியும்? ஆனால் அவர்கள் வீட்டில் வாடகைக்கு ஓர் உறை, பெட்ரோலுக்கு ஓர் உறை என்று பிரித்து வைப்பது வழக்கம். அதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். தாந்தா அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழே விரலால் தடவினார்.

"ஆகஸ்ட் மாத அலுவலக வாடகை எந்த உறையில்?"

எந்த உறையிலும் இல்லை. வருடா வருடம் தலைவர் தன் சம்பளத்தைத் தள்ளிப்போட்டுத்தான் அதைச் சமாளிக்கிறார். அது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நிர்வாகக் குழுவில் ஒருவர்கூட இதுவரை கேட்டதில்லை, நானும் வாயைத் திறந்ததில்லை. தலைவர் பதில் சொல்ல வாயெடுத்தார், நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சலவை இயந்திரம் மட்டும் சுற்றியது.

"ஒருத்தியே இரண்டு பங்கு போட்டால் அது தாந்தா இல்லை," என்றார் அந்த அம்மா. "இப்படி இருந்தால் அந்த நாற்காலிக்கு யார் வருவார்கள்?"

அடுத்த மாதத்திலிருந்து அவரும் நிர்வாகக் குழுவில். கூட்டம் கராஜில், ஸ்பானிஷில். ஹெட்ஃபோன் எனக்குத்தான். மீதிப் பணத்தில் ஒரு பகுதியை வாடகைக்கு மாற்றலாமா என்று அறக்கட்டளைக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.