சுவிட்ச் டாக்கில் லேன் அடாப்டரின் விளக்கு எரிகிறது, ஆனால் கம்பி இணைப்பு வரவில்லை

மாலைவெயில்:

வணக்கம். என்னிடம் இருப்பது 2017-இல் வெளிவந்த முதல் வகை நின்டென்டோ சுவிட்ச் விளையாட்டுக் கன்சோல். திருமணமாகி வேறு ஊரில் இருக்கும் அக்காவும் நானும் இரவு நேரங்களில் சண்டை விளையாட்டு ஆடுவோம். நாங்கள் நிம்மதியாகப் பேசிக்கொள்ளும் நேரமும் அதுதான். கொஞ்ச நாட்களாக ஆட்டத்தின் நடுவே படம் உறைந்து, பிறகு தாவித் தாவி ஓடுகிறது. சில நேரம் இணைப்பே அறுந்துவிடுகிறது. வைஃபையில் வேகத்தைச் சோதித்தால் 100 மெகாபிட்டுக்கு மேல் காட்டுகிறது. அப்படியிருந்தும் ஏன் இப்படி ஆகிறது என்று புரியவில்லை.

கன்சோலைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் தாங்கியான இந்த டாக்கில் லேன் துளை, அதாவது நெட்வொர்க் கேபிள் செருகும் துளை, இல்லாததால் யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்றை வாங்கினேன். மடிக்கணினியில் செருகினால் உடனே வேலை செய்கிறது. டாக்கில் செருகினால் அடாப்டரின் பச்சை விளக்கு எரிகிறது, ரூட்டரிலும் எரிகிறது. ஆனால் கன்சோல் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கேபிளை மாற்றிப் பார்த்தேன், டாக்கின் மூன்று யுஎஸ்பி துளைகளிலும் செருகிப் பார்த்தேன். வேறு என்ன பார்க்க வேண்டும்?

நீலக்குடை:

அடாப்டருக்கு முன்னால் ஒன்றைச் செய்து பாருங்கள். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குத் தனிப் பெயர் வைத்து, சுவிட்சை அதில் மட்டும் இணையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள், மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் எல்லாம் நெருக்கியடிக்கின்றன. எங்கள் வீட்டில் இதுவே போதுமானதாக இருந்தது.

கம்பிவழி:

நீலக்குடை சொன்னது நல்ல யோசனைதான். ஆனால் தம்பி கேட்டது கம்பி இணைப்பைப் பற்றி. அக்காவோடு நேருக்கு நேர் ஆடுபவருக்குக் கம்பியைத்தான் நானும் சொல்வேன். கட்டடங்களில் நெட்வொர்க் கேபிள் இழுப்பது என் தொழில், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 100 மெகாபிட். அதை மறந்துவிடுங்கள். சண்டை விளையாட்டு அனுப்புவது நீங்கள் எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினீர்கள் என்ற சிறு சிறு செய்திகளை மட்டுமே. அதற்கு 1 மெகாபிட் கூடத் தேவையில்லை. தேவைப்படுவது, ஒவ்வொரு செய்தியும் ஒரே சீரான இடைவெளியில் போய்ச் சேர்வது. ஆட்டம் வினாடிக்கு 60 படம் காட்டுகிறது என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி. வைஃபை என்பது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசக்கூடிய கூட்டம். வீட்டில் யாராவது படம் பார்த்தால், கைபேசி எதையாவது இறக்கினால், உங்கள் செய்தி காத்திருக்க வேண்டும். மோதல் ஏற்பட்டால் மறுபடி அனுப்ப வேண்டும். சராசரி வேகம் நன்றாகவே இருக்கும், ஆனால் நடுநடுவே 80, 100 மில்லிவினாடி தாமதம் வந்து விழும். வேகச் சோதனை சராசரியை மட்டும் காட்டுவதால் இதை மறைத்துவிடுகிறது. மடிக்கணினியில் வைஃபை வழியாக ரூட்டருக்குத் தொடர்ந்து பிங் (போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சிறு செய்தி) அனுப்பிப் பாருங்கள், எண்கள் குதிப்பது கண்ணுக்குத் தெரியும். அதையே கேபிளில் செய்தால் பெரும்பாலும் 1 மில்லிவினாடிக்குள் ஆடாமல் நிற்கும்.

இனி அடாப்டர். விளக்கு எரிவதை வைத்துக் கன்சோல் அதை ஏற்றுக்கொண்டதாக நினைக்க வேண்டாம். மின்சாரம் கிடைத்ததும் அடாப்டருக்குள் இருக்கும் சிப்பும் ரூட்டரும் தமக்குள் பேசி விளக்கை எரியவிடும். கன்சோலுக்கு அதில் பங்கே இல்லை. கன்சோல் அந்த அடாப்டரைப் பயன்படுத்த வேண்டுமானால் அந்தச் சிப்புக்கான டிரைவர், அதாவது அதை இயக்கத் தெரிந்த மென்பொருள், அதற்குள் ஏற்கெனவே இருக்க வேண்டும். மடிக்கணினி டிரைவரைத் தானே தேடிப் போட்டுக்கொள்ளும். சுவிட்சில் நாமாக எதையும் நிறுவ முடியாது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் நிறுவனத்தின் பெயர் இங்கே எதற்கும் உதவாது, உள்ளே இருக்கும் சிப்தான் கணக்கு. சுவிட்சில் நம்பி வாங்கக்கூடியவை ஏசிக்ஸ் (ASIX) நிறுவனத்தின் ஏஎக்ஸ் (AX) 88179, ஏஎக்ஸ் 88772 ஆகிய சிப்கள் கொண்டவை. அடாப்டரை மடிக்கணினியில் செருகி, டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர் பட்டியலைப் பாருங்கள். சிப்பின் பெயர் அங்கே இருக்கும். அதை இங்கே எழுதுங்கள்.

மாலைவெயில்:

மிக்க நன்றி அண்ணா. பட்டியலில் ரியல்டெக் என்று இருக்கிறது. அப்படியானால் இதை மாற்றத்தான் வேண்டுமா?

கம்பிவழி:

மாற்றிவிடுங்கள். இதை மடிக்கணினிக்கு வைத்துக்கொள்ளலாம், அதில் குறை ஒன்றும் இல்லை.

பழையபெட்டி:

ஒரு தகவல். தன் பழைய வீ (Wii) கன்சோலுக்காக நின்டென்டோவே ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டர் விற்றது. 10/100 வகை, அதிலும் ஏசிக்ஸ் சிப்தான். என்னிடம் இன்னும் இருக்கிறது, சுவிட்ச் டாக்கில் செருகியதும் எடுத்துக்கொண்டது. 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது, ஆனால் ஆட்டத்துக்கு அது தாராளம். பெரிய விளையாட்டுகளைப் பதிவிறக்கும்போது மட்டும் காத்திருக்க வேண்டும். யாராவது வீட்டில் பழைய வீ வைத்திருந்தால் புதிது வாங்குவதற்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று. யுஎஸ்பி 3 அடாப்டர் வாங்கினால் அதை டாக்கின் பக்கவாட்டில் உள்ள இரண்டு துளைகளில் ஒன்றில் செருகுங்கள். அவை யுஎஸ்பி 2. யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உண்டாக்கும். இன்டெல் 2012-இல் இதைப் பற்றி விரிவான அறிக்கையே வெளியிட்டது. கம்பியில்லாக் கட்டுப்பாட்டுக் கருவிகள் புளூடூத்தில் பேசுவதும் அதே பகுதியில்தான். இணையத்தைச் சீர்செய்யப் போய், பொத்தான் அழுத்துவது தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் யாருக்கு என்ன பயன்? யுஎஸ்பி 2-இன் உச்சம் 480 மெகாபிட், அதில் நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை.

மாலைவெயில்:

ஏஎக்ஸ் 88179 சிப் உள்ள அடாப்டர் வந்துவிட்டது. பக்கவாட்டுத் துளையில்தான் செருகியிருக்கிறேன். அமைப்புகளில் இணையப் பகுதிக்குப் போனதும் கம்பி இணைப்பு தானாகவே வந்தது. அவ்வளவு மகிழ்ச்சி! ஆனால் இணைப்புச் சோதனையில் நேட் வகை D என்று காட்டுகிறது. ஆட்டத்தில் அக்கா திறக்கும் இணைய அறைக்குள் நுழைய முயன்றால் சில நேரம் கிடைக்கிறது, சில நேரம் இல்லை. இது கேபிள் கோளாறா?

கம்பிவழி:

இல்லை தம்பி, கேபிளைத் தொட வேண்டாம். கேபிள் கெட்டிருந்தால் அதன் அறிகுறி வேறு. 1 கிகாபிட்டுக்கு எட்டு இழைகளும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். முனையில் பிளக்கைப் பதிக்கும்போது (கிரிம்ப்) மீதி நான்கில் ஓர் இழை சரியாகப் பதியாவிட்டால் வேகம் ஓசைப்படாமல் 100-க்கு இறங்கி நிற்கும். நேட் வகைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

இந்த வகை ஆட்டங்களில் பெரும்பாலும் உங்கள் கன்சோலும் அக்காவின் கன்சோலும் இடையில் சர்வர் இல்லாமல் நேரடியாகப் பேசுகின்றன. வெளியிலிருந்து வரும் செய்தியை உங்கள் ரூட்டர் உள்ளே விட வேண்டும். அதை எவ்வளவு தாராளமாக விடுகிறது என்பதைத்தான் நேட் வகை காட்டுகிறது. A, B என்றால் கதவு திறந்திருக்கிறது. D என்றால் எதிரில் இருப்பவரின் கதவு முழுமையாகத் திறந்திருந்தால்தான் நம்பிக்கை. ரூட்டர் அமைப்பில் யுபிஎன்பி (UPnP) என்று ஒன்று இருக்கும், கருவி கேட்கும்போது கதவைத் தானாகத் திறக்கும் வசதி. அதை இயக்குங்கள். பிறகு ரூட்டரையும் கன்சோலையும் அணைத்து எழுப்பி, மறுபடி சோதியுங்கள்.

அதிலும் மாறவில்லை என்றால், ரூட்டருக்கு வெளியிலிருந்து கிடைத்திருக்கும் முகவரியை, அதாவது வான் (WAN) முகவரியைப் பாருங்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால், பெரும்பாலும் உங்கள் ரூட்டருக்கு முன்னால் இன்னொரு ரூட்டர் இருக்கிறது. இணைய நிறுவனம் கொடுத்த மோடமே ரூட்டராகவும் வேலை செய்யும்போது இப்படி ஆகும். உங்களுடையதை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு, அதாவது ரூட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் முறைக்கு, மாற்றினால் போதும். 100.64 முதல் 100.127 வரை என்றால், இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அந்த எண்வரிசை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அங்கே நம் ரூட்டரில் எதைத் திருகியும் பயனில்லை, பொது முகவரி தரச் சொல்லி அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ரூட்டரில் மேக் (MAC) முகவரி, அதாவது ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உரிய அடையாள எண், பட்டியல் வைத்துக் கருவிகளை அனுமதிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கம்பி வழியாகப் போகும்போது கன்சோலின் வைஃபை முகவரி பயன்படாது. அடாப்டரின் முகவரியைச் சேர்க்க வேண்டும்.

மாலைவெயில்:

வான் முகவரி 192.168 என்றுதான் தொடங்கியது. ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றினேன், மோடத்தில் யுபிஎன்பியை இயக்கினேன், இப்போது B. அக்காவோடு நேற்று இரவு ஆடினோம், ஒருமுறை கூட அறுந்துபோகவில்லை. ஆனால் படம் இன்னும் எப்போதாவது ஒரு நொடி நிற்கிறது. என் பக்கம் பிங் ஆடாமல் நிற்கிறது. அக்கா வைஃபையில்தான் இருக்கிறார்.

கம்பிவழி:

அப்படியானால் மீதிப் பாதி அங்கே இருக்கிறது. நேரடியாகப் பேசும் ஆட்டத்தில் இரண்டு முனைகளும் சீராக இருக்க வேண்டும். ஒரு முனையில் செய்தி தாமதமானால் ஆட்டம் இருவருக்கும் சேர்ந்தே நிற்கும். அக்காவிடம் இருப்பது எந்த வகை?

மாலைவெயில்:

2021-இல் வந்த ஓலெட் வகை, வெள்ளை டாக்.

கம்பிவழி:

நல்ல செய்தி. அவருக்கு அடாப்டரே வேண்டாம். டாக்கின் பின்மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உங்கள் டாக்கில் அங்கே யுஎஸ்பி துளை இருக்கிற இடத்தில் அவருடையதில் லேன் துளை இருக்கும். கேட் 5இ கேபிள் போதும், 100 மீட்டர் வரை 1 கிகாபிட் தாங்கும். அதற்கு மேல் விலை சொல்லும் கேபிள்களை இதற்காக வாங்க வேண்டாம். ரூட்டர் வேறு அறையில் இருந்தால் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு போகும் தட்டையான கேபிள் வாங்கலாம், கதவின் அடியில் நசுங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கன்சோல் டாக்கில் இருக்கும்போது மட்டுமே கம்பி வேலை செய்யும். கையில் எடுத்தால் வைஃபைக்குத் திரும்பிவிடும். ஆகவே ஆடும்போது இருவருமே டாக்கில் வைத்துத் தொலைக்காட்சியில் ஆடுங்கள். அவருடைய நேட் வகையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.