குடும்பத்தோட சேர்ந்து "ஓடிப்போய்" மலையில கலியாணம், ஆராச்சும் செஞ்ச ஆக்கள் இருக்கீங்களா?

வாவிக்கரைப்புள்ள (மட்டக்களப்பு)

எல்லாருக்கும் வணக்கம், ஒரு விசயம் கேக்கப்போறன் சிரிக்காதீங்க. எனக்கு வைகாசியில நாள் பாத்திருக்கு. மண்டபம் எடுத்து ஐநூறு பேருக்குச் சோறு போட்டு நாங்க ரெண்டு பேரும் விடிய இருந்து பொழுதுபடும் வரைக்கும் மணவறையில பொம்ம மாதிரி நிண்டு போட்டோ எடுக்கிறது எங்களுக்கு விருப்பமில்ல. ரெண்டு பக்கத்து அம்மா அப்பா, கூடப்பிறந்த ஆக்கள், மாமா மாமிமார், என்ட அம்மம்மா எண்டு மொத்தம் இருவத்தஞ்சு பேர், பதுளைப் பக்கத்து எல்ல ஊர் இல்லாட்டி அப்புத்தளை பக்கம் ஒரு மலையில திறந்த வெளியில தாலியக் கட்டிட்டு வருவம் எண்டு யோசிக்கிறம். அவர்ட அண்ணன் இதுக்கு எலோப்மென்ட் எண்டு பேராம் எண்டு குடும்பக் குரூப்பில போட்டுட்டார், அப்பா உடன கூகிள்ல தேடிப் பாத்துட்டு "ஓடிப்போறதெண்டா எங்களயும் ஏன் புள்ள கூட்டிட்டு ஓடுறாய்" எண்டு கேட்டவர்.

அப்பாவச் சமாளிக்கலாம், அம்மாதான் கஷ்டம். எங்கட பக்கம் பொம்புள வீட்டிலதானே எல்லாம், மாப்பிள இஞ்ச வந்துதானே இருக்கிறது, வாசல்ல பந்தல் இல்லாம கன்னிக்கால் நடாம என்ன கலியாணம் எண்டு ரெண்டு கிழமையா முகத்தத் தூக்கி வச்சிருக்கா. அம்மம்மாக்கு 79 வயசு, முழங்கால் வருத்தம் வேற. எழுத்த (கலியாணப் பதிவ) எங்க எழுதுறது, ஐயர் வருவாரா, மழை பெய்யுமா, ஒண்டும் விளங்கல்ல. செஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

கச்சேரிப்பக்கம் (களுவாஞ்சிக்குடி)

தங்கச்சி, எழுத்தையும் தாலியையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதீங்க, இது ரெண்டும் வேற வேற வேலை. எழுத்து ஊரிலேயே முடிங்க. 1907 விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி முதல்ல அறிவித்தல் குடுக்கணும், ரெண்டு பேரும் வேற வேற பதிவாளர் பிரிவில இருந்தா ரெண்டு பேரும் அவங்கவங்கட பிரிவுப் பதிவாளரிட்டக் குடுக்கணும், அந்தப் பிரிவில குறைஞ்சது பத்து நாள் இருந்திருக்கவும் வேணும். அறிவித்தல் குடுத்து 12 நாளுக்குப் பொறகுதான் சான்றிதழ் வரும், மூணு மாசத்துக்குள்ள கலியாணத்த முடிக்காட்டி திரும்ப முதல்ல இருந்து. ரெண்டு சாட்சி வேணும். பதிவு காலம ஆறு மணியில இருந்து பின்னேரம் ஆறு மணிக்குள்ளதான், அதால சூரியன் மறைஞ்சாப் பொறகு லைட்டு போட்டுக் கையெழுத்து வைக்கிற ஐடியா இருந்தா விடுங்க.

பதிவாளர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிரிவு இருக்கு. எங்கட ஊர்ப் பதிவாளர வேனில ஏத்தி எல்லக்குக் கொண்டு போகலாம் எண்டு நினைச்ச ஆக்கள நான் பாத்திருக்கன், அதான் சொல்றன். கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முதல் எழுத்த வீட்டில வச்சு, அண்டைக்கே பந்தலப் போட்டு, கன்னிக்காலையும் நட்டு, அயலுக்குச் சாப்பாடும் குடுத்தா அம்மாட முகமும் தெளியும்.

கல்லாத்துப்பொடியன்

நான் செஞ்சவன் நான் செஞ்சவன். நுவரெலியாவில, தை மாசம், முப்பது பேர். விட்ட பிழையெல்லாம் சொல்றன், காசு குடுக்காமப் படிச்சுக் கொள்ளுங்க.

முகூர்த்தம் காலம ஆறரைக்கு. குத்துவிளக்குக்கு ஊத்த அம்மா ஊர்ல இருந்து தேங்கெண்ணெய் போத்தல்ல கொண்டு வந்தவ. எங்கட ஊர்ல ஆராவது தேங்கெண்ணெய் உறைஞ்சு கண்டிருக்கீங்களா? போத்தலக் கவுக்கிறம், ஒரு சொட்டு வரல்ல, வெள்ளைச் சோப்புக்கட்டி மாதிரி உள்ளுக்க நிக்குது. ஐயர் பாக்கிறார், நான் பாக்கிறன், சித்தப்பா ஓடிப்போய் ஹோட்டல் குசினியில சுடுதண்ணிச் சட்டிக்குள்ள போத்தல வச்சு இளக்கிட்டு வாறதுக்குள்ள முகூர்த்தத்தில பாதி போயிட்டுது. நுவரெலியா 1868 மீற்றர், தெரிஞ்சுதான் போனனான், ஆனா எண்ணெய ஆரு யோசிச்ச? நல்லெண்ணெய் கொண்டு போங்க, அது அவ்வளவு லேசில உறையாது.

மறுகா காத்து. ஓமம் வளத்தா புகை முழுக்க பொம்புளட முகத்துக்க, கூறை முந்தானையப் பிடிக்கவே ரெண்டு மச்சாள்மார் நிண்டவ. அறுகரிசி போட எல்லாரும் கைய விரிச்சதுதான் தெரியும், எங்கட தலையில ஒண்டும் விழல்ல, எல்லாம் வீடியோக்காரன்ட கண்ணுக்க. அதால முழுத் திறந்த வெளி வேணாம், மூணு பக்கம் அடைச்சு ஒரு பக்கம் மலையப் பாக்கத் திறந்த மாதிரி ஒரு விறாந்தை, இல்லாட்டி கூடாரம் கட்டாயம் வேணும். வைகாசி எண்டா அப்புத்தளையில காத்து எழும்பத் தொடங்கியிருக்கும், கணக்கில எடுங்க.

ஐயர் வருவார், ஆனா முதல் நாள் பின்னேரமே ஏத்திட்டுப் போகணும், அவருக்குத் தனி அறை, அடுத்த நாள் அவருக்கு ஊர்ல வேற முகூர்த்தம் இருக்கா எண்டு முதலே கேட்டு வைங்க. கும்பத்துக்கு மாவிலை, தலைவாழை இலை, முடித் தேங்காய் எல்லாம் இஞ்சருந்தே கட்டுங்க. நாங்க மாவிலைய மறந்துட்டு வெறுங்கும்பத்தோட நிண்டு, கடைசியில ஹோட்டல் பின்பக்கம் இருந்த ஏதோ ஒரு இலைய வச்சம், அது என்ன மரம் எண்டு இண்டைக்கு வரைக்கும் தெரியா.

ஆனா ஒண்டு, அந்தக் குளிரில தாலி கட்டி முடிய அத்த எழும்பி குரவை போட்டா பாருங்க, எதிர்ப்பக்கம் மலையில அடிச்சுத் திரும்பி வந்த. மண்டபத்தில நாதஸ்வரத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில அத ஆரு கேக்கிற.

ரோசாபஸ் (அக்கரைப்பற்று)

வாகனம் பத்தி நான் சொல்றன், நம்மட தொழில் அதான். இருவத்தஞ்சு பேர் எண்டா ரெண்டு ஹயஸ் வேன் எடுக்காதீங்க, ஒரு ரோசா பஸ் போதும், எல்லாரும் ஒண்டா இருந்தாத்தானே கலியாணப் பயணம். மட்டக்களப்பு டவுன்ல இருந்து செங்கலடி, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, அங்கால எல்ல. ஏ5 பாதைதான். நாலஞ்சு மணித்தியாலம் வைங்க, அம்மம்மா இருக்கிறதால ஆறு. எங்கட பக்கத்தால வாறண்டா சியம்பலாண்டுவ, மொனராகல, வெல்லவாய, அங்கிருந்து இராவணன் நீர்வீழ்ச்சி பக்கமா ஏறணும், லகுகல தாண்டும்போது ஆனை நிக்கும். மகாஓயாப் பாதையிலயும் அதேதான், ராவில ஓடாதீங்க, வெள்ளாப்பில வெளிக்கிட்டா காணும்.

லுணுகலைக்கு அங்கால வளைவு தொடங்கின உடன பின் சீற்ல இருக்கிறவங்க சத்தி எடுப்பாங்க, எப்பயும் நடக்கிற. ஏலாத ஆக்கள முன்னுக்கு வைங்க, காலம இடியப்பம் சொதி எண்டு வயிறு நிறையக் குடுத்து ஏத்தாதீங்க, இஞ்சி, தேசிக்காய், ஷொப்பிங் பேக் கையில இருக்கட்டும். மகாஓயாவில வெந்நீர் ஊத்து இருக்கு, அங்க நிப்பாட்டி அம்மம்மாட காலுக்கு ரெண்டு வாளி ஊத்தி விடுங்க, சந்தோசப்படுவாக.

போயா (பௌர்ணமி லீவு) வாற சனி ஞாயிறுகள விடுங்க, எல்லயில வாகனம் அசையா.

வாவிக்கரைப்புள்ள

எண்ணெய்க் கதைய வீட்டில வாசிச்சுக் காட்டினன், அம்மாக்கு ரெண்டு கிழமைக்குப் பொறகு சிரிப்பு வந்திருக்கு. எழுத்த வீட்டில வைக்கிறது எண்டோண்ண உடன பந்தலுக்கு வெள்ளை கட்டுற கட்டாடியாருக்குச் சொல்லணும் எண்டு நிக்கிறா.

போட்டோ எடுக்க ஒன்பது வளைவுப் பாலம் பக்கம் போகவா, தேயிலைக்குள்ள போகவா?

பசறைக்காரன் (இப்ப அம்பாறையில)

பாலம் 1921ல கட்டினது, வடிவுதான், ஆனா விடிஞ்சா சனம். கூறையோட அங்க போய் நின்னா உங்க கலியாணத்துக்கு வெள்ளைக்காரன் நூறு பேர் சேர்ந்து வருவான், இருவத்தஞ்சு பேர் கணக்கு சரி வராது. ரயில் பாதையில ஏறி நிக்கிற விளையாட்டும் வேணாம்.

தேயிலை மலைன்னா அது தோட்டத்துக்குச் சொந்தம், துரையோட (தோட்ட மேனேஜர்) ஒபிஸ்ல முதல்ல கேக்கணும். எந்த மலையில கவ்வாத்து வெட்டியிருக்குன்னும் கேட்டுக்கங்க. கவ்வாத்து வெட்டின மலை பச்சையா இருக்காது, வெறும் குச்சியா நிக்கும், ஒரு ஜோடி தெரியாம நாள் குறிச்சுட்டு வந்து அந்தக் குச்சிக்கு நடுவுல நின்னு போட்டோ புடிச்சத நானே பாத்தேன். செடிக்குள்ள இறங்காதீங்க, நடபாதையில நில்லுங்க, கூறை கிழியும், மழை பெஞ்சிருந்தா அட்டையும் ஏறும். இன்னொன்னு, கொழுந்து எடுக்கிற எங்க ஆளுங்கள பின்னால நிக்க வச்சு "கொஞ்சம் சிரிங்க"ன்னு கேக்காதீங்க. அவங்க வேலை நேரம் அது, கிலோ கணக்குல நிறுத்துத்தான் நாள் சம்பளத்துக்குப் பேர் போடுவாங்க.

மழை பத்தி: ஊவாப் பக்கம் (எல்ல, அப்புத்தளை எல்லாம்) வைகாசி நடுவுக்கு மேல பரவாயில்ல, தென்மேற்கு மழை நுவரெலியாவுக்கு அந்தப் பக்கமே கொட்டிட்டு இங்க காத்தாத்தான் வரும். சித்திரையில பின்னேர இடி மழை, ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும் நினைச்சும் பாக்காதீங்க, 2025 நவம்பர் புயலுக்கு எங்க மலையெல்லாம் எப்படி சரிஞ்சுதுன்னு தெரியுமே. ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில அனுமதி எடுக்கணும், போட்டோக்காரர்ட்ட அது இருக்கான்னு கேளுங்க.

உகந்தைமயில் (திருக்கோவில்)

எல்லாரும் ஏன் எல்ல எல்ல எண்டு ஓடுறீங்க கா. உகந்தைமலை இருக்கு, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காடு, மேல வள்ளியம்மன், பாறையில சுனை. வள்ளியக் களவில கூட்டிட்டுப் போன முருகன்ட வாசல்ல ஓடிப்போன கலியாணம் கட்டாம வேற எங்க கட்டுற? தாந்தாமலை முருகனும் இருக்கு, டவுன்ல இருந்து கிட்ட.

வாவிக்கரைப்புள்ள

உகந்தை அக்கா சொன்ன நியாயம் அப்பாக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு, "அப்ப முருகனும் எலோப்மென்டா" எண்டு குரூப்பில போட்டுட்டார். ஆனா அம்மம்மாவப் பாறையில ஏத்த ஏலா. அவட்டயே கேட்டம். அவ கேட்டது ரெண்டே ரெண்டு கேள்வி, அங்க கதிரை மாதிரி இருந்து போற கக்கூஸ் இருக்கா, கூதலுக்கு ராவையில தலைக்குப் போட என்ன கொண்டு போறது. மலையப் பத்தி ஒரு சொல்லும் இல்ல. அதால இடத்த அந்தக் கக்கூஸ வச்சே முடிவெடுத்திருக்கம், எல்லயில சனம் இல்லாத பக்கமா ஒரு சின்ன ஹோட்டல், படி இல்ல, விறாந்தை இருக்கு, மலை தெரியுது. எழுத்து முதல் கிழமை வீட்டில, பந்தலோட. கலியாணம் முடிஞ்சு வாற வழியில உகந்தைக்குப் போய் கீழ நிண்டு கும்பிட்டுட்டு வருவம், பாதை சுத்துதான், அப்பா விடமாட்டன் எண்டுட்டார்.

ரோசாபஸ் நானா, அப்ப போக மகாஓயாவால, வர லகுகலவால. இன்பொக்ஸில நாள் போட்டிருக்கன், பாத்துட்டு விலை சொல்லுங்க. முன் சீற் மூணு வேணும், சத்திக்காரர் மூணு பேர், அதில ஒராள் மாப்பிள.